கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

முதியோர் இல்லம் ஒன்றை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். கணக்கு வழக்குகளைப் பார்ப்பது என் பொறுப்பு. அதனாலேயே இதே துறையில் உள்ள மற்ற நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் தேடிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. முன்பக்கங்களில் படங்கள் இருக்கும், வயதானவர் ஒருவரின் கையைப் பிடித்து ஒரு பெண் நடக்க வைப்பார், இன்னொரு பெண் ரத்த அழுத்தம் பார்ப்பார். கடைசிப் பக்கத்தில் அறங்காவலர்கள் பட்டியல் இருக்கும். முன்பக்கத்தில் பார்த்த பெண்களில் ஒருவர் பெயரும் அங்கே இருக்காது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுக்க மருத்துவம், பராமரிப்பு ஆகிய துறைகளில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் பெண்கள், ஆனால் உயர் பொறுப்புகளில் அவர்கள் 25 சதவீதம்தான் என்று அதில் இருக்கிறது. முதியோர் பராமரிப்பை மட்டும் தனியாக எடுத்தால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும், ஏனென்றால் பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பில் உள்ள நாடுகளில் நீண்டகாலப் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களில் 10-க்கு 9 பேர் பெண்கள். பராமரிக்கப்படுபவர்களிலும் பெண்களே அதிகம், அவர்கள்தான் அதிக வயது வரை வாழ்கிறார்கள், கணவர் போன பிறகு தனியாகவும் இருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரும் பெண், படுக்கை விரிப்பை மாற்றுபவரும் பெண், ஆனால் எத்தனை விரிப்பு வாங்கலாம் என்று முடிவு செய்யும் மேஜையில் மட்டும் பெண்கள் குறைவு.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லாப நோக்கமில்லாத முதியோர் சேவையில் மற்ற பல துறைகளைவிடப் பெண் தலைவர்கள் கண்ணில் படுகிறார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான அமைப்புகளின் சங்கமான லீடிங்ஏஜுக்குப் பல வருடங்கள் கேட்டி ஸ்மித் ஸ்லோன் தலைமை வகித்திருக்கிறார். 50 வயதைத் தாண்டியவர்களுக்கான ஏஏஆர்பி அமைப்பை 2014-லிருந்து பத்து வருடம் ஜோ ஆன் ஜென்கின்ஸ் நடத்தினார், அவருக்குப் பிறகு வந்தவரும் பெண்தான். அந்த அமைப்பை 1958-ல் தொடங்கிய எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ், பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கோழிக் கொட்டகையில் குடியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலையில் அவர் இறங்கினார் என்பார்கள். வயதான ஆசிரியர்களுக்கு மருத்துவக் காப்பீடு கேட்டு 40-க்கும் மேற்பட்ட காப்பீட்டு நிறுவனங்களின் படியேறி, எல்லா இடத்திலும் முடியாது என்ற பதிலைக் கேட்டு, அதற்குப் பிறகும் விடாமல் அலைந்து 1956-ல் வாங்கிக் காட்டினார். ஆக, பெண்களால் இதை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பெண்ணுக்குப் பதவி கொடுத்துவிடுகிறார்கள், கண்காணிப்பாளர், ஒருங்கிணைப்பாளர், இல்லத் தலைவி என்று பெயர்ப் பலகையும் மாட்டிவிடுகிறார்கள். ஆனால் செக்கில் கையெழுத்துப் போடுவது யார், ஆள் எடுக்க அனுமதி கொடுப்பது யார், குழுவில் ஓட்டு இருப்பது யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஏதாவது தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண், அந்தத் தப்பு நடக்காமல் இருக்கத் தேவையான பணத்தை ஒதுக்குபவர் இன்னொருவர். பல இடங்களில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் குழுக் கூட்டம் ஒன்றுக்குத் தலைமை நர்ஸ் ஒரு லாங் சைஸ் நோட்டோடு வந்தார். சிவப்பு மையில் கோடு போட்டு, யார் விழுந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த அறையில், எதற்காக எழுந்தபோது என்று பத்தி பத்தியாக எழுதி வைத்திருந்தார். பெரும்பாலான விழுதல்கள் நள்ளிரவு 2 மணிக்கும் விடிகாலை 5 மணிக்கும் நடுவில், கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் நடந்திருந்தன. காரணத்தையும் அவரே கண்டுபிடித்திருந்தார். இரவில் ஒரு மாடிக்கு ஒரே ஆள், அவர் ஒரு அறையில் டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் பெல் அடித்தால் போக முடியாது. பெல் அடித்தவர் கொஞ்ச நேரம் பார்ப்பார், படுக்கை நனைந்துவிட்டால் காலையில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தில் தானே எழுந்துவிடுவார், விழுவார். இன்னொன்றும் கவனித்திருந்தார், விழுந்தவர்களில் சிலருக்கு நீர் பிரியும் மாத்திரையை மாலையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் காலை வேளைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் பேசி, மாற்றியும் விட்டார். அது அவர் கையில் இருந்த விஷயம். இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும், கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் தரையோரமாகச் சின்ன விளக்கு வேண்டும், இவை இரண்டும் அவர் கையில் இல்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் பெரும்பகுதி நேரம் முன்மண்டபத்துக்கு வண்ணம் அடிப்பது பற்றிய பேச்சிலேயே போய்விட்டது. அவருக்குக் கடைசியில் கொஞ்ச நேரம் கிடைத்தது. "பெல் அடித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்களேன் சிஸ்டர்" என்றார் ஒருவர். "அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்றார் தலைவர். அடுத்த பட்ஜெட் வருவதற்கு முன்பே ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இரவு டூட்டிக்கு ஆளும் வந்தது, விளக்கும் வந்தது. குழுவில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, சொந்தப் பணத்தையும் நேரத்தையும் கொடுப்பவர்கள்தான். ஆனால் இரவு 3 மணிக்கு அந்த மாடி எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தவருக்கோ ஓட்டு கிடையாது.

இது இன்று நேற்று தொடங்கிய கதை இல்லை. பிரான்ஸில் ஜான் ஜுகான் என்று ஒரு பெண் இருந்தார். 1792-ல் பிறந்தவர், வீட்டு வேலைக்காரியாகவும் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவராகவும் இருந்தவர். 1839 குளிர்காலத்தில், பார்வை போய்ப் பக்கவாதத்தில் பாதி உடம்பு செயலிழந்த ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலையே கொடுத்தார். அப்படித் தொடங்கியதுதான் ஏழைகளின் சிறு சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்பு. ஆட்கள் சேரச் சேரக் கையில் கூடையோடு வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டு அந்த இல்லத்தை ஓட்டினார். இன்றைக்கு நாம் நிதி திரட்டல் என்று தனி அலுவலகம் வைத்துச் செய்வதை அவர் தனியாளாகத் தெருவில் இறங்கிச் செய்தார். 1843-ல் கூட இருந்த பெண்கள் அவரையே மறுபடியும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில நாட்களுக்குள் அவர்களுக்கு ஆலோசகராக இருந்த பாதிரியார் லெ பையேர் அந்தத் தேர்தல் செல்லாது என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்கும் இளம்பெண் ஒருவரைத் தலைவியாக்கினார். இரண்டு வருடம் கழித்து, 1845-ல், பிரெஞ்சு அகாடமி ஜான் ஜுகானின் சேவைக்காகப் பரிசு கொடுத்தது. வெளியில் எல்லோருக்கும் அவர்தான் நிறுவனர், உள்ளே அவருக்கு ஒரு பதவியும் இல்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. 1852-ல் அவரை வெளி வேலைகளிலிருந்து நிறுத்தித் தலைமை இல்லத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே 27 வருடம், இறக்கும் வரை, எந்தப் பொறுப்பும் இல்லாமல் இருந்தார். இந்த அமைப்பைத் தொடங்கியது தான்தான் என்று அந்தப் பாதிரியார் வரலாற்றையே மாற்றி எழுத வைத்தார். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குத் தங்களோடு இருக்கும் அந்த வயதான சகோதரிதான் நிறுவனர் என்பதே தெரியாது. 1879-ல் அவர் இறந்தபோது அமைப்பில் சுமார் 2,400 சகோதரிகள் இருந்தார்கள். 1890-ல்தான் ரோமில் விசாரித்து அந்தப் பாதிரியாரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். 2009-ல் ஜான் ஜுகானைப் புனிதராக அறிவித்தார்கள். அந்த இல்லங்கள் இன்றும் பல நாடுகளில் இயங்குகின்றன.

அவருடைய பொறுமையைப் புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. அவர் கையில் அதிகாரம் இருந்திருந்தால் அந்த 27 வருடத்தில் என்னென்ன செய்திருப்பார்! பொறுமையைப் பாராட்டுவது சுலபம், பொறுப்பைப் பறித்ததைப் பற்றிப் பேசுவதுதான் சங்கடமாக இருக்கிறது. பெண்கள் நடத்தும் சேவை நிறுவனங்களில் இன்றைக்கும் இந்த அளவுகோல்தான் இருக்கிறது. தியாகம் செய்தால் மாலை போடுவார்கள், சம்பளத்தை உயர்த்திக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

சம்பளம் என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடுகிறேன். முதியோர் இல்லத்தை நடத்தும் பெண்ணிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது அவர் அம்மா மாதிரி இருக்க வேண்டும் என்பதை. நடு இரவிலும் போனை எடுக்க வேண்டும், உறவினர்கள் கத்தினாலும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும், ஆள் வராத நாளில் தானே ஷிப்ட் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? அந்த எண்ணம்தான் அடியில் ஓடுகிறது. நன்கொடையாளர்கள் முதலில் கேட்கும் கேள்வியே நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதுதான், அந்தச் சதவீதத்தைக் குறைத்துக் காட்ட முதலில் கை வைக்கப்படுவது இயக்குநர், தலைமை நர்ஸ், மேற்பார்வையாளர் ஆகியோரின் சம்பளத்தில். அவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தப் பெண்ணுக்கு வீட்டிலும் வயதான மாமியாரோ அப்பாவோ இருப்பார், ஏனென்றால் உலகத்தில் சம்பளமில்லாமல் செய்யப்படும் பராமரிப்பு வேலையில் 76 சதவீதத்தைப் பெண்கள்தான் செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் சொன்னது. பகலில் நாற்பது முதியவர்களையும் இரவில் ஒருவரையும் பார்த்துக்கொள்பவர் ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிட்டுப் போவார். போனதும் "அவங்களுக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை" என்பார்கள்.

ஆண்கள் இந்தத் துறைக்கு வந்தால் என்ன நடக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற சமூகவியலாளர் நர்சிங், சமூகப்பணி போன்ற பெண்கள் அதிகமுள்ள வேலைகளில் சேர்ந்த ஆண்களைப் பற்றி 1992-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் சும்மா நின்றாலே மேலே கொண்டுபோய் விடுகிற கண்ணாடி எஸ்கலேட்டர் ஒன்று இருக்கிறது என்றார். நீங்கள் ஏன் இன்னும் வார்டில் இருக்கிறீர்கள், நிர்வாகத்துக்கு வரலாமே என்று அவர்களை மற்றவர்களே தள்ளிவிடுகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி மேலே போனவன் நல்ல பையன், திறமையானவன், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவனைவிடப் பல வருடம் மூத்த, அவனுக்கே வேலை கற்றுக்கொடுத்த பெண்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. பட்ஜெட், எக்செல், தணிக்கை என்றாலே அது நமக்குச் சம்பந்தமில்லாதது என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். ஒரு மாதத்துக்கு எத்தனை டயப்பர், எத்தனை கையுறை, எந்த மருந்து எப்போது தீரும் என்று மனதிலேயே கணக்கு வைத்திருப்பவருக்கு பட்ஜெட் புரியாதா?

வேலை தெரிந்தவரிடம் அதிகாரமும் சேர்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. மேரி லூயிஸ் ஆன்சாக் சமூகப்பணியாளர். சான் பிரான்சிஸ்கோவின் சைனா டவுன் பகுதியில் வயதானவர்களுக்கு என்ன செய்யலாம் என்று பார்க்க 1971-ல் அவரை அமர்த்தினார்கள். வழக்கமான முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றைக் கட்டிவிடலாம் என்பதுதான் முதலில் பலர் மனதில் இருந்தது. அவர் போய்ப் பேசிப் பார்த்து, இவர்கள் தங்கள் வீட்டிலேயே இருக்கத்தான் விரும்புகிறார்கள் என்று புரிந்துகொண்டு வேறு வழி சொன்னார். பகலில் ஒரு மையத்துக்கு வண்டி வைத்து அழைத்துவர வேண்டும், டாக்டர், பிசியோதெரபி, சாப்பாடு, பேச்சுத்துணை எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும், மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஆன் லோக் என்ற அந்த அமைப்பின் பகல் மையம் 1973-ல் திறந்தது. அதே முறையை 1997-ல் அமெரிக்க அரசு பேஸ் என்ற பெயரில் தன் மருத்துவத் திட்டத்தில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டது. கட்டடம் தேவையில்லை என்று சொல்லும் துணிச்சல், அந்த மக்களோடு உட்கார்ந்து பேசியவருக்குத்தான் வரும்.

நெதர்லாந்தில் யுவோன் வான் அமெரோங்கன் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா திடீரென்று மாரடைப்பில் இறந்தபோது, நல்லவேளை இவர் நம் இல்லத்தைப் போன்ற ஓர் இடத்தில் இருக்க வேண்டி வரவில்லை என்று தனக்குத் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம் வந்தபோது அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார், கூட வேலை செய்பவர்களை உட்காரவைத்து நம் அம்மா அப்பா எப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் நமக்கு நிம்மதி என்று கேட்க அவரால் முடிந்தது. அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 2009-ல் திறந்த ஹோகவேக், மறதி நோய் உள்ளவர்கள் வீடு, கடை, தெரு என்று சாதாரண வாழ்க்கை வாழும் குடியிருப்பு. இதே எண்ணம் ஆயிரம் பராமரிப்பாளர்களுக்கு வந்திருக்கும், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்திருப்பார்கள், மறுநாள் அதே டூட்டிக்கு வந்திருப்பார்கள்.

அதற்காக, பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையாவது மேலே உட்காரவைத்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. இரவு ஷிப்ட் என்றால் என்னவென்றே தெரியாத, கீழே வேலை செய்பவர்களின் பெயர்கூடத் தெரியாத பெண் இயக்குநர்களும் இருக்கிறார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறுவனம் நொடிந்துபோகும் நேரமாகப் பார்த்துப் பெண்ணிடம் பொறுப்பைக் கொடுப்பது. இப்படி நடப்பதை மிஷல் ரயன், அலெக்சாண்டர் ஹாஸ்லாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-லேயே எழுதினார்கள். நன்கொடை வற்றி, நல்ல ஆட்கள் போன பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு வருடத்தில் சரியாகவில்லை என்றால் பெண்ணால் நடத்த முடியவில்லை என்று சொல்லிவிடுவது பெரிய அநியாயம். பொறுப்பை ஏற்கும் பெண்கள் முதலில் வங்கிக் கணக்கையும் கடன் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் சரி சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான்: பராமரிப்பு வேலையில் தொடங்கியவர் தலைமை வரை ஏறிவர ஒரு படிக்கட்டு வேண்டும். அது தானாக வராது. வார்டு பொறுப்பாளராக இருப்பவரை, வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, கணக்குப் படிக்க அனுப்ப வேண்டும். அவர் படிக்கும் நேரத்தில் அவர் இடத்தில் வேலை செய்ய ஆள் போட வேண்டும், இதைச் செய்யாமல் பயிற்சி கொடுத்தோம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. இயக்குநருக்குத் துணை இயக்குநர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவசரச் செலவுக்கு ஒரு தொகை வரை யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போடும் உரிமை இரண்டு பேருக்கும் வேண்டும். நிறுவனர்களும் தலைவர்களும் எத்தனை வருடம் பதவியில் இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். குழுவில் இருக்கும் பெண்களிடம் ஆண்டு விழாவையும் பரிசளிப்பையும் ஒப்படைத்துவிட்டு நிதிக் குழுவை மட்டும் ஆண்களே வைத்துக்கொள்வதை நிறுத்த வேண்டும்.

நன்கொடை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு, இரவில் எத்தனை பேர் டூட்டியில் இருக்கிறார்கள், தலைமை நர்ஸ் வந்து எத்தனை வருடமாகிறது, அவருக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார், இப்போது இருப்பவர் உங்கள் குழுக் கூட்டத்தில் உட்காருவாரா என்றும் கேளுங்கள். பணம் கொடுப்பவர் கேட்கிறார் என்றால் எந்த நிறுவனமும் பதில் தயார் செய்துதான் ஆக வேண்டும், பதிலைத் தயார் செய்யும்போதே சில விஷயங்கள் மாறும்.

எங்கள் குழுவில் இப்போது கூட்டத்தின் முதல் விஷயமே பராமரிப்பு அறிக்கைதான். யார் விழுந்தார்கள், யாருக்குப் படுக்கைப் புண் வந்திருக்கிறது, எந்த ஷிப்டில் ஆள் குறைவு என்று தலைமை நர்ஸ் பேசி முடித்த பிறகுதான் நான் கணக்கைப் படிக்கிறேன். அவருக்கு ஓட்டு இன்னும் இல்லை, அதற்கு விதிமுறையைத் திருத்த வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். திருத்தத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன், வரும் பொதுக்குழுவில் எடுக்கிறோம். சிலர் தயங்குகிறார்கள், ஊழியருக்கு ஓட்டு கொடுத்தால் நாளைக்குச் சம்பள உயர்வுக்கும் அவரே ஓட்டுப் போடுவாரே என்கிறார்கள். சம்பளம் பற்றிய முடிவுகளில் அவர் கலந்துகொள்ள மாட்டார் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் இதைச் செய்து பார்த்திருந்தால், விதியை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், கூட்டத்துக்கு முன்பு தெரிந்தால் உதவியாக இருக்கும்.